ஒன்றாம் எண்ணைத் தின்ற கேபிள்

கம்பத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபில் பல்லி ஒன்று செத்துப்போனது. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கதகதப்பாக இருக்கிறது என்று படுக்கப் போயிருக்கிறது. போன இடத்தில் கரண்டு ஓடுகிற வழியில் காலை நீட்டி, தானும் கருகி, மதர்போர்டையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. சேதி கேட்டுத் தேனியிலிருந்து பஸ் ஏறிப் போனது நான்.

இது இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில். தேனியில் ஒரு சந்துக்குள், செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் கடையில் எனக்கு வேலை. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, பெரியகுளத்திலிருந்து தினமும் போய்வந்துகொண்டிருந்தேன். கடையில் விற்பது முதலாளி. விற்றதை ஓட வைப்பது நான். முதலாளிக்குக் கம்ப்யூட்டரைப் பற்றித் தெரிந்ததெல்லாம், ஆயுத பூஜையன்று அதற்கு எந்த இடத்தில் சந்தனம் வைத்தால் காற்றோட்ட ஓட்டை அடைபடாது என்பதுதான். அதையும் இரண்டு பெட்டிகளைக் காவு கொடுத்த பிறகே கற்றுக்கொண்டார். ஆனால் வாய் இருந்தது. அந்த வாயை வைத்துக்கொண்டு திராட்சைத் தோட்டக்காரருக்கும் மில்காரருக்கும் ஒரே கம்ப்யூட்டரை வெவ்வேறு காரணம் சொல்லி விற்பார்.

கம்பத்து ஆஸ்பத்திரிக்கும் அவர்தான் புதுக் கம்ப்யூட்டர் விற்றார். அங்கே லேபில் ரத்த அணுக்களை எண்ணுகிற மெஷின் ஒன்று இருந்தது. வெளிநாட்டில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் உழைத்துக் களைத்து, மிச்சக் காலத்தை ஓட்டக் கம்பம் வந்து சேர்ந்த மெஷின். அதன் சின்னத் திரையில் பாதிக் கோடுகள் செத்திருந்தன. உள்ளேயே இருந்த பிரிண்டர் எப்போதோ கண்ணை மூடிவிட்டது. அதனால், தான் எண்ணியதையெல்லாம் அது ஒரு கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கம்ப்யூட்டரில் பார்த்துத்தான் ரிப்போர்ட் எடுப்பார்கள். பல்லி செத்த நாளிலிருந்து மெஷின் ரத்தத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தது.

புதுசில் தங்கள் பழைய மெஷினை மாட்டிக்கொள்ளலாமா என்று டாக்டர் போனில் கேட்டிருக்கிறார்.

"எதை வேணும்னாலும் மாட்டலாம் சார். ஆட்டுக்கல்லக்கூட மாட்டலாம்," என்றார் முதலாளி.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வேண்டாம், கேட்டுச் சொல்லுங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லேபைப் பார்த்துக்கொண்டவர் ஓர் அக்கா. நாற்பது வயதிருக்கும். கேரள எல்லையை ஒட்டிய லோயர் கேம்ப் ஊர்க்காரர். குமுளிப் பக்கத்திலிருந்து இறங்கி வருகிற நோயாளிகளோடு பேசிப் பேசி, பாதி மலையாளமாகிவிட்டவர். பிரியமாக இருந்தால் என்னை 'மோளே', அதாவது மகளே, என்பார். கோபம் வந்தால் தமிழுக்குத் திரும்பிவிடுவார். அன்றைக்கு நான் புதுப் பெட்டியின் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றதும் தமிழ் வந்துவிட்டது.

"என்னத்தா முழிக்கிற?"

"இதுல ஒம்பது ஊசிக்காரன் இல்லக்கா."

"அப்படின்னா?"

"உங்க மெஷின் கேபிள மாட்டுற இடம். பழைய பெட்டியில இருந்துச்சு. புதுசுல அதை வெக்கிறதில்ல. எல்லாம் யுஎஸ்பின்னு ஆயிருச்சு."

"மாட்டுற இடமே இல்லாத பெட்டியவா வித்தாக உங்க மொதலாளி?"

பையைத் திறந்தேன். இந்த மாதிரி வம்புக்கென்றே முதலாளி அடாப்டர் என்று ஒரு சாமான் வாங்கி வைத்திருந்தார். ஒரு முனையில் யுஎஸ்பி, மறுமுனையில் பழைய பாணி ஒன்பது ஊசி, நடுவில் ஒரு முழக் கயிறு. கண்ணாடி மாதிரி நீல நிறம். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். எத்தனை கொஞ்சமாக இருக்கிறது என்பதும் தெரியும். மூட்டையாக வாங்கினால் சல்லிசு என்று மூட்டையாகவே வாங்கிவிட்டார்.

அடாப்டரை எடுத்து மெஷினிலிருந்து வந்த கேபிளோடு சேர்க்கப் போனால், அதிலும் ஊசி, இதிலும் ஊசி. எங்கள் தொழிலில் ஊசி நீட்டிக்கொண்டிருப்பதற்கு 'மேல்', அதாவது ஆண் என்றும், துளை உள்ளதற்கு 'ஃபீமேல்', பெண் என்றும் பேர். எவன் வைத்தானோ, கூசாமல் வைத்திருக்கிறான். அக்காவுக்கு அதை விளக்கினேன்.

"ஆக, ரெண்டு மாப்பிள்ளையக் கொண்டாந்து வெச்சுக்கிட்டுப் பொண்ணு எங்கங்கிற."

"ஆமாக்கா."

"கம்பத்துல தேடுனா கெடைக்காது. எல்லாத்தையும் வெளியூர்ல கட்டிக் குடுத்துட்டாக."

பொண்ணு அங்கேயேதான் இருந்தது. செத்த பெட்டியின் முதுகில், இரண்டு பக்கமும் துளை உள்ள ஒரு சின்ன இணைப்புத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. பிணத்தின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றுவது போல் அதைத் திருகிக் கழற்றி, நடுவில் வைத்து இரண்டு ஊசியையும் சேர்த்தேன்.

அதற்கப்புறம்தான் வேலையே. அடாப்டரோடு வந்த உள்ளங்கை அளவு சிடியைப் போட்டேன். கம்ப்யூட்டர் அடாப்டரை ஏற்றுக்கொண்டு, அது நுழைந்த வாசலுக்கு ஏழாம் நம்பர் கொடுத்தது. ஆஸ்பத்திரியின் ரிப்போர்ட் புரோகிராமோ, யாரோ எந்தக் காலத்திலோ எழுதியது. அதற்கு ஒன்று, இரண்டு தவிர வேறு நம்பரே தெரியாது. ஏழைப் பிடித்து இரண்டாக மாற்றினேன். மெஷினில் ஒரு ரத்தத்தை வைத்து ஓட்டினோம். திரையில் வந்தது எந்த மனித பாஷையும் இல்லை. கட்டம், வட்டம், கேள்விக்குறி.

"இது மலையாளமும் இல்ல மோளே," என்றார் அக்கா.

மெஷின் ஒரு வேகத்தில் எழுத்தைத் துப்பும்; கம்ப்யூட்டர் அதே வேகத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாதி மூக்கில் விழும். மெஷினின் வேகம் என்ன என்று எழுதி வைத்திருந்தது செத்த பெட்டியில். ஒவ்வொரு வேகமாகப் போட்டுப் பார்த்தேன். ஒருவழியாக எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. அக்கா கை தட்டினார். நான் முதலாளியை மனதிற்குள் மன்னித்தேன். இரண்டுமே அவசரப்பட்டுச் செய்தது.

வெளியே காத்திருந்த ஜீப் டிரைவர் ஒருவரின் ரத்தத்தை ஓட்டி, ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அக்கா டாக்டரிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

டாக்டருக்கு அறுபது வயதிருக்கும். வாயைத் திறப்பது அபூர்வம். நோயாளியின் முகத்தைப் பார்க்கிற பழக்கமே அவருக்கு இல்லை, தாளைத்தான் பார்ப்பார். தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பிளேட்லெட் ரெண்டாயிரம்னு போட்டிருக்கு. இந்த ஆளு எங்கன இருக்காரு?"

"வெளிய இருக்காக சார்."

"உசுரோடயா?"

நாங்கள் மூவரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம். டிரைவர் எதிர்க் கடையில் ஒரு கையில் வடையும் மறுகையில் டீயுமாக நின்று, யாரிடமோ உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மெஷின் அனுப்பிய பூஜ்யங்களை அடாப்டர் வழியிலேயே தின்றிருக்கிறது. திரும்ப ஓட்டினால் இருபதாயிரம் என்றது. இன்னொரு தடவை, இரண்டு லட்சம். அடுத்த தடவை கம்ப்யூட்டர் திரை முழுக்க நீலமாகி, வெள்ளை எழுத்தில் ஏதோ புலம்பிவிட்டு அணைந்தது. டாக்டர் எங்கள் கடை நம்பரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நான் தேனி திரும்புவதற்குள் அவர் பேசி முடித்திருந்தார். என்ன பேசினார் என்று முதலாளி கடைசிவரை சொல்லவில்லை. முகம் மட்டும் கழுவிப் போட்ட துணி மாதிரி இருந்தது.

"ஏம்மா, இதே அடாப்டரு போடியில ஒரு மில்லுல நல்லா ஓடுதே," என்றார்.

"போடியில அதை இன்னும் கவரே பிரிக்கல அண்ணே. நான்தான போய்ட்டு வந்தேன்."

"பிரிச்சா ஓடும்ல?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மூட்டை முழுக்க நீலமாக அவருக்கு முன்னால் இருந்தது. கடைசியில் மதுரையில் தெரிந்த ஒரு வியாபாரியிடம் சொல்லி, நல்ல அடாப்டர் ஒன்று பஸ் பார்சலில் வந்தது. கறுப்பு நிறம், கனமானது, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டிக்கொள்ளாதது. டாக்டரைச் சமாதானப்படுத்தத் தானும் வருவதாக முதலாளி கிளம்பினார். பஸ்ஸில் சின்னமனூர் வரை பேசிக்கொண்டே வந்தார். அதற்கப்புறமும் பேசியிருப்பார், நான் தூங்கிவிட்டேன். அந்த வருஷம் நான் உட்கார்ந்த இடத்திலெல்லாம் தூங்கினேன்.

லேப் இரண்டாவது மாடியில். பாதிப் படியில் நான் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"சின்னப்புள்ள நீ, இதுக்கே இப்படி மூச்சு வாங்குற. என்னையப் பாரு," என்று சொல்லிவிட்டு, தொப்பையோடு தடதடவென்று ஏறிப் போனார் முதலாளி.

கறுப்பு அடாப்டர் மாட்டிய மாத்திரத்தில் வேலை செய்தது. நம்பரை மாற்றினேன், வேகத்தை வைத்தேன், எல்லாம் ஒழுங்காக நின்றது. ஆனால் அக்கா நம்பவில்லை. போன தடவை ஒரு உயிருள்ள மனுஷனைக் கொன்றுவிட்ட கம்பெனி அல்லவா நாங்கள். மெஷினைச் சோதிப்பதற்கென்றே, இன்ன அளவு என்று முன்னமே தெரிந்த ரத்தம் சின்னக் குப்பியில் வரும். அது தீர்ந்துபோயிருந்தது.

"நோயாளி ரத்தத்துல சோதிக்க மாட்டேன்," என்றார் அக்கா. "யாரு கேபிளு மாட்டுனாகளோ அவுகளே ரத்தம் குடுக்கட்டும்."

நான் சட்டைக் கையை மடித்தேன். அக்கா ஊசி குத்துவது நமக்கு உறைக்கவே உறைக்காது. வாய் குமுளிக் கதை பேசிக்கொண்டிருக்க, கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ரத்தத்தை மெஷினில் வைத்தார். அது உறிஞ்சி, முனகி, கொஞ்சம் யோசித்து, கம்ப்யூட்டருக்கு அனுப்பியது. ஒவ்வொரு வரியாக வந்தது. ஒரு எழுத்துக்கூட விழவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அக்கா திரையில் விரலை வைத்தார். "ஹீமோகுளோபின் ஆறு புள்ளி எட்டு."

"நல்லதுங்களா?" என்றார் முதலாளி.

"பொம்பளைக்குப் பன்னெண்டாச்சும் இருக்கணும். ஆறு எட்டு இருந்தா நடந்து மாடியேறி வர முடியுமா? உங்க கேபிளு முன்னாடி இருந்த ஒண்ணைத் தின்னுருச்சு."

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில், ஒன்றைத் தின்றது நான்தான் என்பது போல் இருந்தது.

"அப்ப பதினாறு எட்டா இருக்கும்க்கா," என்றேன்.

"பதினாறு எட்டா? மீசை வெச்ச ஆளுக்கு வரும். ஒனக்கா?"

மெஷினின் சொந்தத் திரையைப் பார்த்துத் தீர்க்கலாம் என்றால், முன்னால் ஒன்று விழ வேண்டிய இடத்தில்தான் ஒரு செத்த கோடு ஓடிக்கொண்டிருந்தது. ஆறு தெரிந்தது. அதற்கு முன்னால் எதுவும் இருந்ததா என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அதே ரத்தத்தைத் திரும்ப ஓட்டினோம். ஆறு புள்ளி எட்டு. கேபிளைக் கழற்றி மாட்டினேன். ஆறு புள்ளி ஏழு. அடாப்டரை வேறு ஓட்டையில் சொருகி, நம்பரை மறுபடி மாற்றி ஓட்டினேன். ஆறு புள்ளி எட்டு. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அது எங்கள் தொழிலில் கடைசி மந்திரம். ஆறு புள்ளி எட்டு.

"இந்த அடாப்டரும் ஒண்ணைத் திங்குதும்மா," என்றார் முதலாளி. "டாக்டர்ட்ட என்னத்தச் சொல்றது?"

அக்காவுக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. தன் ரத்தத்தைத் தானே எடுத்து ஓட்டினார். பன்னிரண்டு புள்ளி நான்கு என்று வந்தது. ஒன்று இருந்தது. பத்திரமாக, முழுசாக, முன்னாலேயே இருந்தது.

"உங்க கையக் குடுங்க," என்றார் முதலாளியிடம்.

"எனக்கெதுக்கு? நான் யாவாரம் மட்டும்தான்."

"குடுங்கங்கிறேன்."

ஊசியைப் பார்த்ததும் முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். ரத்தம் வந்ததைப் பார்க்கக் கண்ணைத் திறந்தார். அதுதான் தப்பு. நாற்காலியிலிருந்து சரிந்தவரை நானும் அக்காவும் ஆளுக்கொரு தோளாகப் பிடித்து, நோயாளிகள் படுக்கிற பெஞ்சில் கிடத்தினோம். அவருடைய ரத்தம் பதினாறு புள்ளி ஒன்று. முழுசாக வந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்து அதைச் சொன்னதும், "பாத்தியா, என் அடாப்டரு நல்ல அடாப்டரு," என்றார் படுத்தபடியே.

அப்படியென்றால் எனக்கு மட்டும் என்ன? அக்கா அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். மெஷின் வருவதற்கு முன்னால் அதில்தான் பார்ப்பார்களாம். ஒரு துளி ரத்தத்தில் மருந்து ஊற்றிக் கலக்கி, பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறம் வருகிறவரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். எவ்வளவு தண்ணீர் தாங்குகிறதோ அவ்வளவு ரத்தம். கேபிள் கிடையாது, கரண்டு கிடையாது. என் ரத்தம் கொஞ்சத் தண்ணீரிலேயே தோற்றுப்போனது. அக்கா குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏழுக்குக் கீழதான் மோளே," என்றார்.

மோளே என்றதும்தான் எனக்குப் பயம் வந்தது.

டாக்டர் தாளைப் பார்த்தார். பிறகு, நான் கேள்விப்பட்ட வரையில் அவர் செய்யாத காரியத்தைச் செய்தார். என் முகத்தைப் பார்த்தார். கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு அக்காவிடம், "இதுக்கு மெஷின் வேணுமா? சுண்ணாம்பு மாதிரி இருக்கு," என்றார். போன தடவையும் இதே அறையில் இதே இமையோடு அவர் முன்னால் நின்றேன் என்பதைச் சொல்லலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன்.

"பச்சரிசி திங்கிறியா?" என்று என்னிடம் கேட்டார் டாக்டர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கைப்பையில் ஒரு மருந்து டப்பா நிறையப் பச்சரிசி இருந்தது. யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் மெல்லுவேன், கடையில் முதலாளி இல்லாதபோது மெல்லுவேன். அதோடு நிற்கவில்லை. ஸ்கூல் பிள்ளைகள் எழுதுகிற சிலேட்டுக் குச்சியையும் வாங்கித் தின்றுகொண்டிருந்தேன். பெட்டிக்கடைக்காரர், "வீட்ல எத்தனை பிள்ளைக படிக்குதுக?" என்று கேட்டதற்கு இரண்டு என்று சொல்லியிருந்தேன்.

"கொஞ்சம் திம்பேன் சார்."

"குச்சி?"

"அதும் கொஞ்சம்."

"ரத்தம் இல்லாதவுகளுக்கு வர்ற ஆசைதான். மாசாமாசம் எப்படிப் போகும்?"

முதலாளி வாசல் பக்கத்திலேயே நின்று கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் சம்பந்தமாக ஏதோ கேட்கிறார் என்று நினைத்திருப்பார். அக்கா அவரைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

எனக்கு மாதாமாதம் பத்து நாள் வரைகூடப் போகும். எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். யாரிடம் கேட்பது? வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதென்றால், 'தள்ளி உக்காரு' என்ற இரண்டு வார்த்தைதான். படி ஏறினால் மூச்சு வாங்குவதையும், பகலில் தூங்குவதையும் அம்மா சோம்பேறித்தனம் என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் என்ன காரணம் என்று திறந்து பார்க்கிற ஆள், நானே மெதுவாக ஓடியதற்கு எனக்குச் சோம்பல் என்று முடிவு கட்டியிருக்கிறேன்.

பூச்சி மாத்திரை, இரும்பு மாத்திரை, வாராவாரம் இரும்பு ஊசி, தேனியில் ஒரு பெண் டாக்டருக்குச் சீட்டு. எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு டாக்டர் கேட்டார்: "அப்ப, மெஷின் சரியா வேலை செய்யுதா?"

"செய்யுது சார்," என்றார் அக்கா. "அதான பிரச்சனை."

திரும்பும்போது முதலாளி ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தார். உத்தமபாளையத்தில் பஸ் நின்றபோது இறங்கிப் போய் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்து மடியில் வைத்தார். அவர் பேசாமல் வந்த ஒரே பயணம் அதுதான். அன்றைக்குப் பார்த்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "வெளிய யாருக்கும் தெரியுமா?"

"கேபிளு மாட்டும்போது எல்லாரும் பாத்தாகம்மா. கம்ப்யூட்டர்லயே வந்துச்சு."

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. போடிப் பக்கம் ஒரு குடும்பம் என்னைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு என்னை ரொம்பப் பிடித்துவிட்டதாம். பொண்ணு நல்ல வெளுப்பு என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த வருஷம் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். முன்னைக்கு இப்போது நிறம் ஏறிவிட்டாள், கம்ப்யூட்டர் கடையில் ஏசியில் இருக்கிறாள் அல்லவா என்றார்கள். எங்கள் கடையில் ஏசி கிடையாது. அடியில் இருந்த செருப்புக் கடை வாசனைதான் உண்டு. நான் வெளுத்தது ரத்தம் இல்லாமல்.

இரும்பு ஊசி இடுப்பில் போடுவார்கள். காய்ச்சிய கம்பியை அங்கே வைத்துவிட்டு, எடுக்காமல் நீண்ட நேரம் பேசிக்கொண்டிருப்பது போல் வலிக்கும். மாத்திரை சாப்பிட்டால் கக்கூஸில் தார் ரோடு போட்ட மாதிரி போகும். முதல் நாள் நான் செத்துவிட்டேன் என்றே நினைத்து அக்காவுக்குப் போன் போட்டேன். "தாரு போட்டா ரோடு நல்லாருக்குன்னு அர்த்தம், போயிப் படு," என்றார். வாராவாரம் கம்பம் போனேன். ஊசிக்குப் போகிறேன் என்றால் அம்மாவுக்குச் சங்கடம், சர்வீஸுக்குப் போகிறேன் என்றால் கடையில் மரியாதை. இரண்டும் நிஜமாகவே இருந்தது. லேபைக் கூட்டிப் பெருக்குகிற ஆயா ஒரு நாள் அடாப்டரைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்து ஓட்டையில் சொருகிவிட்டார். கம்ப்யூட்டர் அதை வேறு ஆள் என்று நினைத்து வேறு நம்பர் கொடுத்துவிட்டது. மறுபடி மெஷின் ஊமை. அதைச் சரிசெய்துவிட்டு, மிச்ச ஓட்டைகள் மேலெல்லாம் புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை ஒட்டினேன். பார்த்தால் கம்ப்யூட்டருக்கு அடிபட்டது மாதிரி இருக்கும். டாக்டர் அதைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு தடவை பார்ப்பார், கேட்கமாட்டார்.

போடிக்காரர்கள் நாள் குறிக்க வந்தபோது எனக்கு ஊசியெல்லாம் முடியும் கட்டம். நான் காபித் தட்டோடு வந்தேன். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தார், என் அம்மாவைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார்.

"பொண்ணு கறுத்துப்போச்சே," என்றார்.

"ரத்தம் ஊறியிருக்கு," என்றேன். அம்மா என் காலை மிதித்தார்.

"என்னன்னு?"

"முன்ன ரத்தம் கம்மியா இருந்துச்சு அத்தை. அதான் வெளுப்பு. இப்ப ஊசி போட்டுச் சரியாயிருச்சு. இதுதான் என் நெசக் கலரு."

அவர்கள் காபியைக் குடித்தார்கள். பஜ்ஜியையும் சாப்பிட்டார்கள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. அம்மா ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. தரகர் மட்டும் தெருவில் பார்த்தபோது, "ஊசிய ஒரு மாசம் தள்ளிப் போட்டிருக்கலாம்ல ஆத்தா," என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். எனக்கு வருத்தம் வருகிறதா என்று பார்த்தேன். பசிதான் வந்தது. அப்போதெல்லாம் எனக்குப் பயங்கரமாகப் பசித்தது. சோற்றைச் சோறாகவே தின்றேன். அரிசியின் ஞாபகமே வரவில்லை.

கடைசி ஊசி முடிந்து சில வாரம் கழித்து அக்கா என் ரத்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரே கூட்டமாக இருக்கிறது, போனில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். மறுநாள் கடையில் நான் மேஜைக்கு அடியில் படுத்து ஒரு பிரிண்டர் கேபிளைத் தேடிக்கொண்டிருந்தேன். போனை முதலாளி எடுத்தார்.

"ஆமாங்க... இருக்கா... சொல்லுங்க, நான் சொல்லிர்றேன்." கேட்டார். பிறகு போனைக் கையால் மூடாமல், கடை முழுக்கக் கேட்கும்படி, "ஏம்மா, ஒனக்குப் பதினொண்ணு புள்ளி ஆறாம். ஒண்ணு வந்துருச்சாம், ரெண்டு ஒண்ணு," என்றார்.

கடையில் அப்போது மௌஸ் வாங்க வந்த ஒரு வாத்தியார் இருந்தார். இங்க் நிரப்ப வந்த ஒருவர் இருந்தார்.

"ஹீமோகுளோபினா?" என்றார் வாத்தியார். "பதினொண்ணு பத்தாதே. முருங்கைக்கீரை சாப்பிடச் சொல்லுங்க."

"கீரையெல்லாம் சும்மா சார்," என்றார் இங்க்காரர். "ஆட்டு ஈரல். எங்க மச்சினிக்கு ஈரல்தான் குடுத்தாக. இப்ப குதிரை மாதிரி இருக்கு."

"ஈரல் எல்லாருக்கும் ஒத்துக்குமா? பேரீச்சம்பழம் சொல்லுங்க."

முதலாளி, முன்பு ஆரஞ்சுப் பழம் வாங்கித் தந்த உரிமையில், ஆரஞ்சின் மகிமையைப் பேச ஆரம்பித்தார். மூவருக்கும் குரல் ஏறியது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் மேஜைக்கு அடியில் கேபிளைக் கண்டுபிடித்து, முனையைத் துடைத்து, சொருகினேன். பிரிண்டர் ஒரு முனகல் முனகிவிட்டு ஓடத் தொடங்கியது.